சயாம் மரண ரயில் நினைவிடங்களுக்கு ஆறு நாள் பயணம்: ஒரு மதிப்புரை

இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியப் படை சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்குப் போட்ட, பல்லாயிரம் பேரைப் பலிகொண்ட ரயில் பாதைதான் சயாம் மரண ரயில். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் உள்ள ஒரு சிறிய பயண முகவர், அந்தப் பாதை சென்ற தாய்லாந்து ஊரான காஞ்சனபுரியின் போர் நினைவிடங்களையும் பழைய சயாமியத் தலைநகரான அயுத்தயாவையும் ஆறு நாளில் காட்டும் பயணம் ஒன்றை நடத்துகிறார். சென்ற பள்ளி விடுமுறையில் நானும் அம்மாவும் அதில் போய் வந்தோம். என் தாத்தாவின் அண்ணன் சப்பான்காரன் ஆண்ட காலத்தில், தோட்டத்துத் தொழிலாளர்களைக் காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்களத்திலிருந்தே லாரியில் ஏற்றப்பட்டவர். அதன் பிறகு அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. வந்திருந்த பதினெட்டுப் பேரில் பாதிப் பேராவது இப்படி ஒருவரைத் தேடித்தான் வந்திருந்தார்கள்.

போக்குவரத்திலும் தங்குமிடத்திலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. தாய்லாந்து எல்லையில் உள்ள பாடாங் பெசார் வரை பேருந்து, அங்கிருந்து பேங்காக்குக்கு இரவு ரயில், பின்னர் வேன். முழங்கால் வலி உள்ள அம்மாவுக்குக் கேட்காமலேயே கீழ்ப்படுக்கை ஒதுக்கியிருந்தார்கள். மரக்கறி உண்பவர்களுக்கு ஒரு வேளைகூடத் தடுமாற்றம் வரவில்லை.

காஞ்சனபுரியில் முதலில் போர்க் கல்லறைத் தோட்டத்துக்கு அழைத்துச் சென்றார்கள். 6,982 போர்க்கைதிகள் அங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். புல்வெளியில் வரிசை வரிசையாகக் கற்கள். பெரும்பாலான கற்களில் பெயர், வயது, படைப்பிரிவு. உடன் வந்த தாய்லாந்து வழிகாட்டி விவரம் அறிந்தவர். கடல்வழியில் நேசநாட்டு நீர்மூழ்கிகளுக்கு அஞ்சிய ஜப்பானியப் படை, பர்மாவுக்குத் தளவாடம் கொண்டு செல்ல 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் 415 கிலோமீட்டர் பாதையை முடித்த வரலாற்றை அவர் பொறுமையாகச் சொன்னார். ஏறத்தாழ 60,000 போர்க்கைதிகளில் 12,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்களின் சாவு 90,000 வரை இருக்கலாம் என்று மதிப்பிடப்படுகிறது. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் அவர்களில் பெருந்தொகையினர். கைதிகளிடையே மருத்துவர்களும் பதிவேடு வைத்த அதிகாரிகளும் இருந்தார்கள். நம்மவர்களுக்குப் பெரும்பாலும் அப்படி யாரும் இல்லை. 1943 மழைக்காலத்தில் காலரா பரவியபோது முகாம் முகாமாக மடிந்தார்கள்.

என் மனக்குறை இங்கேதான். கல்லறைத் தோட்டத்தில் ஒன்றரை மணி நேரம் நின்ற குழு, அருகிலேயே உள்ள வாட் தாவோர்ன் கோயிலில் 2023-இல் நாட்டப்பட்ட தமிழர் நடுகல்லுக்கு வந்தபோது, கையில் இருபது நிமிடம்தான் மிச்சம் இருந்தது. அம்மா வீட்டிலிருந்தே கொண்டு வந்திருந்த வாழையிலைத் துண்டை விரித்து, வெற்றிலை பாக்கு, அவித்த கடலை, பெரிய தாத்தா விரும்பிப் பிடித்ததாகப் பாட்டி சொன்ன சுருட்டு ஒன்று, இவற்றை வைத்துச் சூடம் ஏற்றினார். சூடம் பாதி எரிந்திருக்கும். வேன் ஓட்டுநர் ஹாரன் அடித்தார். எண்பது ஆண்டு காத்திருந்து கொடுக்கும் படையலுக்கு இன்னும் அரை மணி நேரம் ஒதுக்குவது பெரிய காரியமா?

அடுத்தது குவாய் ஆற்று ரயில் பாலம். வளைந்த இரும்பு வளைவுகள் ஜாவாவிலிருந்து கொண்டு வந்து பூட்டியவை. நடுவில் கோண வடிவில் இருப்பவை குண்டுவீச்சில் சிதைந்த பின் மாற்றப்பட்டவை. மற்றவர்கள் படம் எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில், பயணத்திட்டத்தில் இல்லாத ஒன்றைத் தேடி நானாகவே நடந்தேன். ஜப்பானியப் படையினரே 1944-இல், இறந்தவர்களுக்காக எழுப்பிய நினைவுத்தூண் பாலத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. அதன் சுற்றுச்சுவர்க் கற்பலகைகளில் பல மொழிகள். அவற்றுள் தமிழும் ஒன்று. சாவுக்குக் காரணமானவர்களே பொறித்த தமிழ் எழுத்துகளை விரலால் தடவியபடி நின்றபோது எனக்குப் பேச்சு வரவில்லை. இதை எப்படித் திட்டத்தில் சேர்க்காமல் விட்டார்கள் என்பது இன்னும் விளங்கவில்லை.

மூன்றாம் நாள் ஹெல்ஃபயர் பாஸ், அதாவது ரயில் பாதைக்காகப் பாறையை வெட்டித் திறந்த கணவாய். இரவில் தீப்பந்த வெளிச்சத்தில் எலும்பும் தோலுமான மனிதர்கள் பாறையை வெட்டிய காட்சி நரகத்தை ஒத்திருந்ததால் வந்த பெயர் அது. ஆஸ்திரேலிய அரசு நடத்தும் காட்சியகத்துக்குக் கட்டணம் இல்லை. கீழே இறங்கப் படிகள் மிகுதி. முதியவர்கள் மேலேயே இருந்துவிடலாம். திரும்பும்போது, பழைய பாதையில் இன்றும் ஓடும் ‘நாம் தோக்’ ரயிலில் எங்களை ஏற்றினார்கள். தாம் கிராசே பாலத்தில் ஒருபுறம் பாறையும் மறுபுறம் ஆறுமாக வண்டி ஊர்ந்து செல்லும்போது, பேசிக்கொண்டிருந்த குழு தானாகவே அமைதியானது.

அயுத்தயாவை நன்றாகவே காட்டினார்கள். மூன்று ஆறுகள் சூழ்ந்த, 1767-இல் பர்மியப் படை எரித்த நகரம். இராமனின் அயோத்தியே பெயராயிற்று. வாட் மகாதாட் கோயிலில் மர வேர்கள் பற்றியிருக்கும் புத்தர் தலைக்கு முன் படம் எடுப்பவர்கள் தலை தாழ அமர வேண்டும் என்ற விதியை வழிகாட்டி முன்கூட்டியே சொல்லி வைத்தது நல்ல பழக்கம். ஆனால் மறுநாள் பேங்காக்கில் துணிக்கடைகளில் மூன்று மணி நேரம் கழிந்தது. அதில் ஒரு மணி நேரத்தை நடுகல்லுக்குக் கொடுத்திருக்கலாம்.

திரும்பியதும் முகவரிடம் இதை நேரிலேயே சொன்னேன். அடுத்த பயணத்தில் நடுகல்லை முதலில் வைப்பதாகவும் நினைவுத்தூணைச் சேர்ப்பதாகவும் சொல்லியிருக்கிறார். போக விரும்புகிறவர்கள் தாராளமாகப் போகலாம். ஆனால் முன்பணம் கட்டும் முன்பே, கோயிலில் எவ்வளவு நேரம் நிற்பார்கள் என்பதைத் திட்டத்தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.