நரம்பு பலத்துக்கான பி காம்ப்ளக்ஸ் மாத்திரை: பின்பக்க லேபிளையும் படியுங்கள்

இந்த மாத்திரைக்கு ஐந்துக்கு நாலரை நட்சத்திரம் விழுந்திருக்கிறது. ஆனால் விமர்சனங்களைப் படித்தால் பாதிக்கு மேல் "சீக்கிரம் வந்து சேர்ந்தது, பேக்கிங் சூப்பர்" வகைதான். நான் கொடுப்பது இரண்டு. பிராண்ட் பெயரை வேண்டுமென்றே விடுகிறேன், ஏனென்றால் இதே கலவை வேறு வேறு பெயரில், வேறு வேறு கலர் டப்பாவில் ஏகப்பட்டது விற்கிறது, எல்லாம் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்.

முதலில் நல்லது. மாத்திரை சின்னது, தொண்டையில் சிக்காது. டப்பாவைத் திறந்தால் லேசாக ஒரு கந்தக வாடை வரும். அது பி1, கெட்டுப்போனது என்று பயப்பட வேண்டாம். சாப்பிட்ட சில மணி நேரத்தில் சிறுநீர் பளீர் மஞ்சளாகப் போகும், அது பி2. "மஞ்சளா போகுது, நல்லா வேலை செய்யுது" என்று ஒருவர் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருக்கிறார் பாருங்கள், அவருக்கு யாராவது சொல்ல வேண்டும்: உடம்பு வேண்டாம் என்று வெளியே தள்ளுவதைத்தான் அவர் பார்க்கிறார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். முன்பக்கம் பெரிய எழுத்தில் "நரம்பு பலம்", பின்பக்கம் எறும்பு சைஸ் எழுத்தில் பைரிடாக்சின் ஹைட்ரோகுளோரைடு 100 மி.கி. இதுதான் வைட்டமின் பி6. நடுத்தர வயது வரை பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குத் தேவை 1.3 மி.கி., வயது கூடினால் 1.5 முதல் 1.7. அந்த உப்பில் அசல் பைரிடாக்சின் 82 மி.கி. போலத்தான் வரும் என்று கழித்துக்கொண்டாலும் தேவைக்கு அறுபது மடங்கு. அதுவும் ஒரு மாத்திரையில், "தினம் ஒன்று அல்லது இரண்டு" என்று தாராளமாகப் போட்டிருக்கிறார்கள். எத்தனை மாதம் சாப்பிடலாம், எப்போது நிறுத்த வேண்டும், கால் மரத்துப் போனால் என்ன செய்ய வேண்டும், ஒரு வரி கிடையாது.

எதற்கு இவ்வளவு என்று கம்பெனிக்கு எழுதிக் கேட்டேன். மறுநாளே பதில் வந்தது, மரியாதையான பதில்தான்: "பி வைட்டமின்கள் நீரில் கரைபவை, உபரி சிறுநீரில் வெளியேறிவிடும், கவலை வேண்டாம்." இந்த ஒரு வாக்கியத்தை எல்லோரும் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். பி6 விஷயத்தில் இது எடுபடாது என்பது தெரிந்து நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. 1983-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வந்தது: மாதக்கணக்கில் பி6 மாத்திரை விழுங்கிய 7 பேர், உணர்வு நரம்புகள் கெட்டு, நடையே தடுமாறிப் போனவர்கள். அவர்கள் எடுத்தது நாளைக்கு 2 முதல் 6 கிராம், அதாவது ரொம்ப ரொம்ப அதிகம். ஆனால் அதன் பிறகு குறைந்த அளவிலும் பாதிப்பு பதிவாகியிருக்கிறது, 50 மி.கி.க்குக் கீழே எடுத்தவர்களிடமும் கூட. எல்லோருக்கும் வராது, யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்லவும் முடியாது.

பி6 போதாமல் போனாலும் நரம்பு கெடும், மிஞ்சினாலும் கெடும், அறிகுறியும் கிட்டத்தட்ட ஒன்றே. விரல் நுனியில் குறுகுறுப்பு, உள்ளங்காலில் எரிச்சல், பிறகு மரத்துப் போவது. தொடுதலையும் கை கால் எங்கே இருக்கிறது என்பதையும் மூளைக்குச் சொல்லும் நரம்புகளின் செல்கள் தண்டுவடத்தை ஒட்டிச் சின்ன முடிச்சுகளாக இருக்கின்றன, அளவு மீறிய பைரிடாக்சின் அடிப்பது அங்கேதான். அதனால் கை காலில் பலம் பெரும்பாலும் அப்படியே இருக்கும், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு முகம் கழுவினால் ஆள் சாய்வார், இருட்டில் நடந்தால் சுவரைப் பிடிப்பார்.

எங்கள் அத்தை விஷயத்தில் இதை நேரில் பார்த்தேன். கால் விரலில் லேசான குறுகுறுப்பு என்று இந்த ரக மாத்திரையை ஆரம்பித்தார். குறையவில்லை, இன்னும் ஒன்று சேர்த்துக்கொண்டார். குறுகுறுப்பு பாதத்துக்கு ஏறியது, அப்புறம் கையிலும் வந்தது. நரம்பு டாக்டர் "என்னென்ன மாத்திரை சாப்பிடறீங்கம்மா?" என்று கேட்டதற்கு "பிரஷர் மாத்திரை ஒண்ணு, அவ்வளவுதான்" என்றார். "அத்தை, அந்த சத்து மாத்திரை?" என்று நான் எடுத்துக்கொடுத்தால், "அது மாத்திரையாடா? வைட்டமின்தானே!" டாக்டர் சிரிக்கவில்லை. வீட்டில் இருக்கும் எல்லா டப்பாவையும் கொண்டுவரச் சொன்னார், ஒவ்வொன்றின் பின்பக்கத்தையும் தானே படித்துப் பேப்பரில் கூட்டினார், ரத்தத்தில் பி6 அளவு பார்க்க எழுதினார். நிறையவே அதிகமாக இருந்தது.

நிறுத்தச் சொன்னபோதே அவர் இன்னொன்றும் சொன்னார், நிறுத்திய முதல் சில வாரங்கள் தொந்தரவு கூடலாம், பயப்படாதீர்கள் என்று. அப்படியே நடந்தது. முன்பே சொல்லாமல் இருந்திருந்தால் அத்தை "மாத்திரையை விட்டதால்தான் இப்படி" என்று திரும்ப ஆரம்பித்திருப்பார், சந்தேகமே இல்லை. இப்போது நன்றாகக் குறைந்திருக்கிறது, கால் விரல் நுனி மட்டும் இன்னும் மந்தம். பெரும்பாலானவர்களுக்கு நிறுத்தினால் தேறும், எல்லோருக்கும் முழுசாகத் தேறும் என்று சொல்வதற்கில்லை.

"100 மி.கி. வரை பரவாயில்லை என்று அரசாங்கமே சொல்லியிருக்கிறதே" என்று வாதாடுபவர்களுக்கு: அது 1998-இல் அமெரிக்காவில் வைத்த உச்சவரம்பு, உச்சவரம்புக்கும் சாப்பிட வேண்டிய அளவுக்கும் சம்பந்தமில்லை. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் தன்னுடைய வரம்பை 12 மி.கி.க்கு இறக்கிவிட்டது. பிரிட்டனில் டாக்டர் சொல்லாமல் 10-க்கு மேல் எடுக்காதே என்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் 10-க்கு மேல் இருந்தாலே நரம்பு எச்சரிக்கையை லேபிளில் போட்டாக வேண்டும். இந்த டப்பாவில் அப்படி எதுவும் இல்லை என்பதுதான் என் முதல் புகார்.

இரண்டாவது புகார், வாங்கும் பக்கத்தில் கீழே வரும் "இதையும் சேர்த்து வாங்கினார்கள்" வரிசை. தசைப்பிடிப்புக்கு மக்னீசியம் மாத்திரை, அதில் பி6. முடிக்கு ஜெல்லி மிட்டாய், அதில் பயோட்டின் என்ற வைட்டமின், துத்தநாகம், கொஞ்சம் பி6. பொது மல்டிவைட்டமின், அதிலும் பி6. எனர்ஜி டிரிங்கிலும் உண்டு. நான்கையும் கூடையில் போட்டால் தள்ளுபடி தருகிறார்கள், பி6 எவ்வளவு சேருகிறது என்று கூட்டித் தருவதில்லை.

துத்தநாகம் தனிக் கதை. நாளைக்கு 40 மி.கி.க்கு மேல் நீண்ட நாள் போனால் குடல் தாமிரத்தை உறிஞ்சுவது குறையும், தாமிரம் குறைந்தால் ரத்தசோகை, தண்டுவடப் பாதிப்பு, நடைத் தடுமாற்றம். பல்செட் ஒட்டும் பசையில் இருந்த துத்தநாகத்தால்கூட இப்படி ஆனவர்கள் உண்டு. பயோட்டின் நேரடியாகக் கெடுதல் செய்வது அரிது, ஆனால் ரத்தப் பரிசோதனையைக் குழப்பும்: தைராய்டு ரிப்போர்ட் தப்பாக வரும், மாரடைப்பைக் கண்டுபிடிக்க ரத்தத்தில் பார்க்கும் டிரோபோனின் அளவைக் குறைத்துக் காட்டும், 2017-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதற்கென்றே எச்சரிக்கை விட்டது. ஃபோலிக் அமிலமும் ஒரு பி வைட்டமின்தான், அது அதிகமானால் பி12 குறைபாட்டின் ரத்தசோகையை மறைத்துவிடும், உள்ளே நரம்பு கெடுவது தொடரும்.

இதே கம்பெனி ஏ, டி, ஈ கொண்ட இன்னொரு டப்பாவையும் காம்போவில் தள்ளுகிறது. அவை கொழுப்பில் கரைபவை, உடம்பில் தங்கும். டி மாத்திரையை வாரம் ஒன்று என்று எழுதிக் கொடுத்ததைத் தினம் ஒன்று விழுங்கி, ரத்தத்தில் கால்சியம் ஏறி, தாகம், வாந்தி, மலச்சிக்கல், கடைசியில் சிறுநீரகம் என்று போய் நிற்பவர்கள் உண்டு. கர்ப்பமாக இருப்பவர்கள் அதிக அளவு ஏ எடுத்தால் குழந்தைக்குப் பிறவிக்கோளாறு வரலாம். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் ஈ, கே இரண்டையும் டாக்டரிடம் கேட்காமல் தொடவே வேண்டாம்.

அப்போ யாருக்குமே வேண்டாமா? அப்படியில்லை. மாமிசம், முட்டை, பால் தொடாதவர்கள், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் வருடக்கணக்கில் சாப்பிடுகிறவர்கள், இவர்களுக்கெல்லாம் பி12 நிஜமாகவே குறையும், கால் மரத்துப் போவதற்கு அதுவே காரணமாகவும் இருக்கலாம். காசநோய்க்கு ஐசோனியசிட் எடுப்பவர்களுக்கு டாக்டர்களே பி6 சேர்த்துக் கொடுப்பார்கள், அதை யாரும் நிறுத்த வேண்டாம். ரத்தத்தைப் பார்த்து, பி12 குறைவென்றால் பி12 மட்டும் வாங்குங்கள், தனியாகக் கிடைக்கிறது.

நான் கொடுத்த இரண்டில் ஒன்று உள்ளே இருக்கும் பி12-க்கு, இன்னொன்று பின்பக்கத்தில் அளவை மறைக்காமல் அச்சடித்ததற்கு. பி6-ஐப் பத்துக்குள் இறக்கி, எச்சரிக்கை ஒரு வரி போட்டால் நட்சத்திரத்தைக் கூட்ட நான் தயார். ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்களுக்குக் கையிலோ காலிலோ புதிதாகக் குறுகுறுப்பு இருந்தால், டப்பாவைத் தூக்கிப் போடாதீர்கள், டாக்டரிடம் போகும்போது லேபிளோடு எடுத்துப் போங்கள்.