சூப்பர்சார்ஜர் போட்ட ஆட்டோமேட்டிக் மினி: எல்லாம் சரி, அந்தக் கம்பியைத் தவிர

கோவென்ட்ரியில் இருக்கும் நண்பர் ஒருவர் ஆட்டோமேட்டிக் மினி ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறார். 1959 முதல் 2000 வரை வந்த பழைய மினி. "உங்கள் வண்டியில் இருப்பதைப் போலவே சூப்பர்சார்ஜர் போட்டுவிடலாமா?" என்று கேட்டார். எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தித் திணித்து இழுவையைக் கூட்டும் கருவி அது. என் வண்டியைப் பட்டறையிலிருந்து எடுத்து வந்த அன்று கேட்டதால், பதில் கொஞ்சம் காரமாகிவிட்டது. இப்போது ஓரளவு ஆறியிருக்கிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். 998 சிசி எஞ்சினுக்கு 40 குதிரைத்திறன் என்பதே பெரிய விஷயம். அதிலும் ஒரு பங்கை, கிளட்ச் மிதிக்குப் பதிலாக எண்ணெய் வழியே எஞ்சினைக் கியர்பெட்டியோடு இணைக்கும் டார்க் கன்வெர்ட்டர் தின்றுவிடும். நான்கு பேரை ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏறினால், பின்னால் வருகிறவர் நம்மை எவ்வளவு வெறுக்கிறார் என்பது கண்ணாடியிலேயே தெரியும். சூப்பர்சார்ஜர் வந்த பிறகு அந்தக் கவலை அடியோடு போயிற்று. இதை எஞ்சினே பெல்ட் மூலம் சுழற்றுவதால், டர்போவைப் போலப் புகைக்காற்று சேரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கன்வெர்ட்டரும் நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போதுதான் இழுவையைப் பெருக்கிக் கொடுக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் கைகொடுப்பதால், சிக்னலில் பச்சை விழுந்ததும் வண்டி கிளம்பும் விதம் இத்தனை சிறிய காருக்கு அநியாயம். கியரை நாமே மாற்றும் மினியில் (கியர் வண்டியில்) சூப்பர்சார்ஜர் போட்டவர்களுக்குக்கூட இந்தச் சுகம் தெரியாது.

என்னுடையது ஈட்டன் எம்45. பிஎம்டபிள்யூவின் முதல் தலைமுறை மினி கூப்பர் எஸ் காரில் வந்த அதே வகை. திணிக்கும் காற்றின் அழுத்தம் 5 பிஎஸ்ஐக்கு (சதுர அங்குலத்துக்கு 5 பவுண்டு) மேல் போகாதபடி, பெல்ட் ஓடும் கப்பியின் அளவைத் தேர்ந்தெடுத்தோம். பானெட்டுக்கு அடியிலிருந்து வரும் கீச்சொலி என் மனைவிக்குப் பிடிக்காது, எனக்குப் பிடிக்கும்.

இனி அந்தக் கம்பி.

1965இல் அறிமுகமான இந்த ஆட்டோமேட்டிக்கில் கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. எப்போது கியர் மாற வேண்டும் என்பதை இரண்டு விஷயங்கள்தான் முடிவு செய்கின்றன: ஒன்று, வண்டியின் வேகத்தை உணரும் கவர்னர், இன்னொன்று, பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரிலிருந்து கியர்பெட்டிக்கு இறங்கும் ஒரு மெல்லிய கம்பி. ஆக்ஸிலேட்டரை எவ்வளவு மிதித்திருக்கிறோம் என்று கியர்பெட்டிக்குச் சொல்வது அந்தக் கம்பி மட்டுமே. எஞ்சின் உண்மையில் எவ்வளவு இழுக்கிறது என்பது அதற்குத் தெரியாது.

சூப்பர்சார்ஜர் இரண்டு வழியில் இதைக் கெடுக்கிறது. முதலாவது, பழைய வேகத்துக்குப் பாதி மிதித்தாலே போதும் என்றாகிவிடுகிறது. கியர்பெட்டியோ, ஓட்டுகிறவர் நிதானமாகப் போகிறார் என்று நினைத்துக்கொண்டு அவசர அவசரமாக நான்காவது கியருக்குப் போய்விடும். குறைந்த சுற்றில், முழுப் பாரத்தோடு, காற்றழுத்தமும் சேர்ந்தால் எரிபொருள் ஒழுங்கில்லாமல் வெடித்து எஞ்சின் தட்டத் தொடங்கும். ரவுண்டபவுட்டுக்குள் மெதுவாக நுழைந்து, வெளியே வரும்போது லேசாக மிதித்தால் தகரத்தில் மணியைக் கொட்டியது போல ஒரு சத்தம். பயந்து இன்னும் மிதித்தால் கிக்டவுன், அதாவது கியர்பெட்டி தானே கீழ் கியருக்கு இறங்கிவிடும். இரண்டாவது கியரில் இடித்துக்கொண்டு விழும். இங்கிலாந்தின் இந்தப் பகுதியில் ரவுண்டபவுட் இல்லாத சாலையை யாராவது காட்டினால் நன்றியுடன் இருப்பேன்.

இரண்டாவது, சூப்பர்சார்ஜருக்கு இடம் விட்டு கார்புரேட்டர் பக்கவாட்டில் நகர்ந்துவிட்டது. கம்பியின் கோணமும் நீளமும் மாறிவிட்டன. தொழிற்சாலை முறைப்படி சரிசெய்வது எளிது: கம்பி வந்து சேரும் கியர்பெட்டி லீவரில் உள்ள ஓட்டை வழியாகக் கால் அங்குலத் தடிமனுள்ள வேறொரு கம்பியைக் கியர்பெட்டியின் ஓட்டைக்குள் செருகி, அந்த நிலையில் கார்புரேட்டர் கம்பியின் நீளத்தை வைத்து லாக்நட்டை இறுக்கினால் முடிந்தது. கார்புரேட்டரின் இடமே மாறிய பிறகு அந்த அளவுக்கு ஒரு பொருளும் இல்லை. லாக்நட்டைத் தளர்த்தி, அரைச் சுற்று திருப்பி, ஓட்டிப் பார்த்து, திரும்பி வந்து, சூடான மேனிஃபோல்டுக்குப் பின்னால் கையை விட்டு மறுபடி கால் சுற்று. இரண்டிலிருந்து மூன்று சரியானால் மூன்றிலிருந்து நான்கு கெட்டுவிடும். பாகங்களைத் தொகுப்பாக விற்றவரோ, இது கியர் வண்டிக்கென்று செய்தது, ஆட்டோமேட்டிக் உங்கள் பொறுப்பு என்று கை கழுவிவிட்டார். பணம் வாங்குவதற்கு முன்னால் இதைச் சொல்லியிருக்கலாம்.

இந்த முறை பட்டறையில் அந்த லீவரையே வேறு நீளத்தில் செய்து போட்டிருக்கிறார்கள். முன்பைவிட நன்றாக இருக்கிறது. ஆனாலும் ஊருக்குள் நான் கையில் பிடிக்கும் கியர் லீவரை மூன்றில் வைத்துத்தான் ஓட்டுகிறேன். இந்த ஆட்டோமேட்டிக்கில் ஒன்று, இரண்டு, மூன்று என்று கியரை நாமே பிடித்து வைக்கும் வசதி உண்டு. அது இல்லையென்றால் எப்போதோ எல்லாவற்றையும் கழற்றியிருப்பேன். கியரை நானே போடுவதற்கு ஆட்டோமேட்டிக் எதற்கு என்று மனைவி கேட்கிறார். நியாயமான கேள்விதான்.

எண்ணெய் பற்றியும் ஒரு வார்த்தை. மினியில் கியர்பெட்டி எஞ்சினுக்கு அடியில், அதே எண்ணெயில் மூழ்கிக் கிடக்கிறது, ஆட்டோமேட்டிக்கிலும் அப்படியேதான். எஞ்சினின் சூடு, கன்வெர்ட்டரின் சூடு, கிளட்ச் பிளேட்டின் தூள் எல்லாம் ஒரே சம்ப்பில் (அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியில்) சேர்கின்றன. ஆயில் கூலர் இல்லாமல் இந்த வேலையைத் தொடவே கூடாது. 3,000 மைலுக்கு ஒரு முறை எண்ணெய் மாற்றுவதில் கஞ்சத்தனம் காட்டினாலும் கியர்பெட்டி பழிவாங்கிவிடும்.

ஆகவே நண்பருக்கு என் பதில்: வேண்டாம். கியர் வண்டியாக ஒன்றைத் தேடி, அதில் போடுங்கள். என்னுடையதைக் கழற்றுவீர்களா என்று கேட்காதீர்கள், மாட்டேன். நேற்று மாலைகூடத் தேவையே இல்லாமல் மேட்டுச் சாலை வழியாகத்தான் வீட்டுக்கு வந்தேன். அதையும் மீறிச் செய்யத்தான் போகிறீர்கள் என்றால், பட்டறையில் விலை கேட்பதற்கு முன்னால் கார்புரேட்டரிலிருந்து இறங்கும் கம்பியை என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். "அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொன்னால் வேறு பட்டறை பாருங்கள்.