கழுதையா, மேகமா? யூதரின் மேசியாவும் கிறிஸ்தவரின் கிறிஸ்துவும்

சண்டே ஸ்கூல் நாட்களில் நான் கேட்ட ஒரு கேள்வி. இயேசு யூதர். அவருடைய அம்மா, சீடர்கள், முதன்முதலில் அவர் பேச்சைக் கேட்டவர்கள் எல்லாரும் யூதர்கள். பிறகு ஏன் யூதர்களில் பெரும்பாலோர் அவரை மேசியா என்று ஏற்கவில்லை? "அவங்க இருதயம் கடினப்பட்டுப்போச்சு" என்று சொல்லிவிட்டு டீச்சர் அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார். வெகுகாலம் கழித்து, யூத நூல்களை மொழிபெயர்ப்பில் படிக்க ஆரம்பித்தபோதுதான் என் கேள்வியே கோணல் என்று தெரிந்தது. இரு தரப்பும் ஒரே பதவிக்கு ஆள் தேடினார்கள், ஒரு தரப்பு வந்தவரைக் கண்டுகொண்டது, இன்னொன்று கோட்டைவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பதவியின் பெயர்தான் ஒன்று. வேலை வேறு.

முதலில் பெயர். எபிரேயத்தில் 'மாஷியாக்' என்றால் எண்ணெய் ஊற்றி அபிஷேகம் செய்யப்பட்டவர். சவுல், தாவீது முதலான அரசர்களுக்கும் பிரதான ஆசாரியருக்கும் அந்தச் சொல் பொருந்தும். ஏசாயா 45-ஆம் அதிகாரத்தில் அது பாரசீக மன்னன் கோரேசுக்கே கொடுக்கப்பட்டிருக்கிறது. அவன் யூதனே அல்ல. நம் தமிழ் பைபிளில் இது கண்ணில் படாது. அங்கே 'நான் அபிஷேகம்பண்ணின கோரேசு' என்று போட்ட மொழிபெயர்ப்பாளர்கள், தானியேல் 9-இல் அதே எபிரேயச் சொல் வரும்போது 'மேசியா' என்று எழுதிவிட்டார்கள். கோரேசையும் மேசியா என்று எழுதியிருந்தால் ஞாயிற்றுக்கிழமை பிரசங்கங்கள் கொஞ்சம் தடுமாறியிருக்கும்! கிரேக்கத்தில் இந்தச் சொல்லின் நேர் மொழிபெயர்ப்புதான் 'கிறிஸ்து'. யோவான் நற்செய்தியே முதல் அதிகாரத்தில் அதைச் சொல்லிவிடுகிறது. ஆனால் கிறிஸ்தவர் வாயில் அது ஒரு தனி ஆளின் பெயராக, பிறகு தெய்வப் பெயராகவே ஆகிவிட்டது. யூதர் வாயில் இன்றும் அது ஒரு பொறுப்பின் பெயர்.

அந்தப் பொறுப்பில் இருப்பவர் என்ன செய்ய வேண்டும்? 12-ஆம் நூற்றாண்டில், ஸ்பெயினின் கோர்தோபாவில் பிறந்து எகிப்தில் வாழ்ந்த யூத அறிஞர் மைமோனிதேஸ் தன் சட்டத் தொகுப்பில் இதைக் கிட்டத்தட்ட ஓர் அரசாணை போல எழுதிவைத்திருக்கிறார். தாவீதின் வம்சத்தில் ஓர் அரசன் எழும்ப வேண்டும். அவன் தோராவை, அதாவது மோசேயின் நியாயப்பிரமாணத்தை, கற்று, இஸ்ரயேலரை அதன்படி நடக்கவைத்து, போர்களையும் நடத்தினால் அவனை மேசியா என்று அனுமானிக்கலாம். எருசலேம் ஆலயத்தை அதன் இடத்தில் கட்டி, சிதறிப்போன மக்களைத் திரும்பக் கூட்டிச்சேர்த்தால்தான் அனுமானம் உறுதியாகும். இவை முடியாமல் போனாலோ, அவன் கொல்லப்பட்டாலோ, அவன் அந்த ஆள் இல்லை. அதற்காக அவனைப் பொய்யன் என்று திட்ட வேண்டியதில்லை; இறந்துபோன மற்ற நல்ல தாவீது வம்சத்து அரசர்களைப் போல அவனும் ஒருவன்.

அற்புதம் எதுவும் அவன் செய்துகாட்டத் தேவையில்லை. உலகம் அதன் வழக்கப்படியே ஓடும், ஆனால் யூதர் யாருக்கும் அடிமையாக இருக்க மாட்டார்கள் என்கிறார் மைமோனிதேஸ். இன்னொரு நூலில் அவர் சொல்வது கிறிஸ்தவ காதுக்கு இன்னும் வினோதமாகக் கேட்கும்: மேசியா ஒருநாள் இறந்துபோவார், அவருக்குப் பின் அவர் மகன் ஆள்வார், பிறகு பேரன். மேசியாவுக்கு ஒரு பேரன்!

கிறிஸ்தவம் சொல்லும் வேலையோ உள்ளே நடப்பது. ஆதாமின் மீறலால் மனிதகுலமே பாவத்துக்குள் விழுந்துவிட்டது, தானாக எழ முடியாது, கடவுளே மனிதனாக வந்து சிலுவையில் விலை கொடுத்தார். பவுல் தொடங்கி 5-ஆம் நூற்றாண்டு அகுஸ்தீன் வரை செதுக்கப்பட்ட சிந்தனை இது. யூத மரபில் அந்த வீழ்ச்சிக் கோட்பாடு இல்லை. மனிதனுக்குள் நல்ல நாட்டமும் கெட்ட நாட்டமும் இருக்கின்றன. தவறினால் மனந்திரும்பலாம், அதற்கு யோம் கிப்பூர் என்ற வருடாந்தர பாவமன்னிப்பு நாள் இருக்கிறது. கி.பி. 70-இல் ரோமர் ஆலயத்தை இடித்து, பலிகள் நின்ற பிறகும் யூத மத போதகர்களான ரபிகள் கலங்கிப்போகவில்லை. பலியை அல்ல, இரக்கத்தையே விரும்புகிறேன் என்ற ஓசியாவின் வாக்கை எடுத்துக்கொண்டு ஜெபத்திலும் தர்மத்திலும் வழி கண்டார்கள். ஆகவே கிறிஸ்தவர் கொண்டுவருகிற மருந்தைப் பார்த்து யூதர் கேட்பது, மருந்து நல்லதா என்றல்ல. 'எனக்கு அந்த நோயே இல்லையே' என்பதுதான்.

மேசியா கடவுளாக இருப்பதும் அவர்கள் கணக்கில் வராது. 'இஸ்ரயேலே கேள், நம் கர்த்தர் ஒருவரே' என்று தினம் காலையும் மாலையும் சொல்கிறவர்களுக்கு, 325-இல் கிறிஸ்தவ ஆயர்கள் கூடிய நிசேயா சங்கம் அறிவித்த, தந்தையோடு ஒரே சாரமுள்ள மகன் என்ற வாசகம் முதல் வரியிலேயே தடுக்கிறது.

இதுவரை வெறும் முரண்பாடு. எனக்குச் சுவையாகப் படுவது, இரு தரப்பும் ஒரே சிக்கலில் மாட்டிக்கொண்ட இடம். எபிரேய வேதத்தில் வரப்போகிறவரைப் பற்றி இரண்டு படங்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் கிடக்கின்றன. தானியேல் 7-இல் மனுஷகுமாரனைப் போன்ற ஒருவர் வானத்து மேகங்களோடு வருகிறார். சகரியா 9-இல் ராஜா ஏழையாக, கழுதைமேல் ஏறி வருகிறார். மேகமா, கழுதையா?

குருத்தோலை ஞாயிறு பவனியில் நடந்தவர்களுக்குக் கிறிஸ்தவ விடை தெரியும்: இரண்டும்தான், ஆனால் வேறு வேறு காலத்தில். முதல் வருகை கழுதைமேல், தாழ்மையாக, சாவுக்கு. இரண்டாம் வருகை மேகங்கள்மேல், மகிமையோடு. போர் ஒழிவதும் ஓநாயும் ஆட்டுக்குட்டியும் ஒன்றாகத் தங்குவதும் அந்த இரண்டாவதுக்கு ஒத்திப்போடப்பட்டிருக்கின்றன.

ரபிகளின் விவாதங்களைத் தொகுத்த பெருநூலான தல்மூதில், சன்ஹெத்ரின் பகுதியில், ரபி யோசுவா பென் லேவி இதே இரண்டு வசனங்களையும் எடுத்து வேறு விதமாக முடிச்சை அவிழ்க்கிறார். மக்கள் தகுதியாக இருந்தால் மேகத்தில் வருவார், இல்லாவிட்டால் கழுதையில். ஒரே வருகைதான், எப்படி வருவார் என்பது மக்கள் கையில். உடனே ஒரு கேலியும் அங்கே வருகிறது. பாரசீக அரசன் ஷாப்பூர், சாமுவேல் என்ற அறிஞரிடம், 'உங்கள் மேசியா கழுதையிலா வருவார்? என் குதிரை ஒன்றை அனுப்பட்டுமா?' என்கிறான். 'நூறு நிறக் குதிரை உங்களிடம் இருக்கிறதா?' என்று பதில் போகிறது. புனித நூலில் இப்படி வாயாடுவதற்கு இடம் விட்டிருப்பதாலேயே எனக்கு தல்மூதைப் பிடிக்கும்.

மூன்றாவது அவிழ்ப்பும் உண்டு. யூத மரபிலேயே இரண்டு மேசியாக்கள்: யோசேப்பின் வம்சத்தில் ஒருவர் போரில் கொல்லப்படுவார், பிறகு தாவீதின் வம்சத்தவர் வெல்வார். ஆக 'சாகிற மேசியா' என்ற எண்ணம் யூதருக்கு முற்றிலும் அந்நியம் என்று சிலர் சொல்வது சரியல்ல. கிறிஸ்தவம் ஓர் ஆளை இரண்டு காலமாகப் பிரித்தது, தல்மூது ஒரு காலத்துக்குள் இரண்டு ஆட்களை வைத்தது. பொருத்தம் பார்த்தால் ரபியின் 'இதுவோ அதுவோ' விடைதான் எனக்குச் சிக்கனமாகத் தெரிகிறது. அது வசனத்தில் இல்லாத ஒரு இடைவேளையைச் சேர்ப்பதில்லை. அந்த இடைவேளைக்கு ஈராயிரம் ஆண்டாகிவிட்டது என்பதும் சேர்த்துப் பார்க்க வேண்டியது.

வசனச் சண்டைகளில் மற்றவற்றை நீட்ட வேண்டாம். ஏசாயா 7-இல் வரும் 'அல்மா' என்ற சொல்லுக்கு இளம்பெண் என்றுதான் அர்த்தம் என்பார்கள் யூதர். கிரேக்க மொழிபெயர்ப்பு அதைக் கன்னி என்று ஆக்க, மத்தேயு அதிலிருந்து எடுத்துக்கொண்டார், நம் பைபிளிலும் 'கன்னிகை'. கன்னியிடம் பிறந்தவர் என்றால் தாவீது வம்சம் யார் வழியாக வந்தது என்பது அவர்களுடைய அடுத்த கேள்வி, ஏனென்றால் வம்சம் தகப்பன் வழி. ஏசாயா 53-இல் அடிக்கப்படும் ஆட்டுக்குட்டி போன்ற ஊழியனை கிறிஸ்தவர் இயேசு என்பார்கள்; 11-ஆம் நூற்றாண்டில் பிரான்ஸில் வாழ்ந்த வேத உரையாசிரியர் ராஷி அவனை இஸ்ரயேல் மக்களாகவே வாசித்தார். சிலுவைப் போர்க்காரர்கள் ரைன் நதிக்கரை யூதர்களை 1096-இல் வெட்டிச் சாய்த்தது அவர் வாழ்நாளில்தான்.

இரு தரப்பும் நேருக்கு நேர் நின்ற ஒரு சம்பவம் 1263-இல் பார்சலோனாவில். அரகோன் அரசன் முதலாம் ஜேம்ஸ் முன்னால், யூதராய் இருந்து கிறிஸ்தவரான பாப்லோ கிறிஸ்தியானி ஒரு பக்கம், ரபி நஹ்மானிதேஸ் மறுபக்கம். தல்மூதிலிருந்தே இயேசுவை நிரூபிப்பேன் என்றார் பாப்லோ. நஹ்மானிதேஸ் தன் குறிப்பில் எழுதிவைத்த வாதம் நூல்களைத் தாண்டி ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டியது. ஏசாயா 'தங்கள் பட்டயங்களை மண்வெட்டிகளாக' அடிப்பார்கள் என்றார். ஆனால் இயேசுவின் காலம் முதல் இன்றுவரை உலகம் வன்முறையும் கொள்ளையுமாகத்தானே இருக்கிறது? பிறகு அரசனைப் பார்த்தே ஒரு குத்து: உங்கள் வீரர்கள் யுத்தம் கற்காமல் போனால் உங்களுக்குத்தானே கஷ்டம், அரசே! அரசன் அவருக்கு முந்நூறு தினார் கொடுத்து அனுப்பினான் என்று அவரே எழுதியிருக்கிறார். சில வருடங்களில் ஸ்பெயினை விட்டு அவர் வெளியேற வேண்டியதாயிற்று.

வேலை முடிந்ததா என்று பார்க்கும் இந்தச் சோதனையை யூதர்கள் இயேசுவுக்கு மட்டும் வைக்கவில்லை. கி.பி. 132-இல் ரோமுக்கு எதிராகக் கிளம்பிய சீமோன் பார் கோசிபாவை, அந்தத் தலைமுறையின் பெரிய அறிஞரான ரபி அகிபாவே மேசியா என்றார். 'நட்சத்திரத்தின் மகன்', பார் கோக்பா என்ற பெயர் அப்படி ஒட்டியது. 'அகிபா, உன் கன்னத்தில் புல் முளைக்கும், அப்போதும் தாவீதின் மகன் வந்திருக்க மாட்டார்' என்று இன்னொரு ரபி சொன்னார். 135-இல் கிளர்ச்சி நசுங்கி பார் கோக்பா இறந்தார், அவ்வளவுதான். 'பொய்யின் மகன்' என்று பெயரைத் திருப்பிப் போட்டார்கள். 1665-இல், தன்னை மேசியா என்று அறிவித்த ஸ்மிர்னாக்காரரான சபத்தாய் ஸெவியின் பின்னால் ஐரோப்பா முதல் யேமன் வரை யூதர்கள் கிளம்பினார்கள். அடுத்த வருடமே ஒட்டோமான் சுல்தானின் முன் அவர் முஸ்லிமாகிவிட்டார். அதற்கும் ஆழ்ந்த அர்த்தம் உண்டென்று விளக்கிக்கொண்டு கூடவே போனவர்களும் இருந்தார்கள்.

1994-இல் நியூயார்க்கில் சபாத் என்ற வைதிக யூத இயக்கத்தின் தலைவர் மெனாகெம் மெண்டல் ஷ்னீர்சன் இறந்த பிறகு, அவரே மேசியா, திரும்ப வருவார் என்று அவரைப் பின்பற்றியவர்களில் ஒரு பகுதியினர் சொன்னார்கள். மற்ற யூதர்களுக்கு இதில் எரிச்சல் வந்ததற்குக் காரணம், இந்த வாதத்தை அவர்கள் எங்கே கேட்டிருக்கிறார்கள் என்பதுதான். இறந்த தலைவரைக் கைவிட மனமில்லாதவர்கள் எந்த மதத்தில் இருந்தாலும் பேச்சு ஏறக்குறைய ஒரே மாதிரி வந்துவிடுகிறது.

எடை விஷயத்திலும் வித்தியாசம் பெரியது. கிறிஸ்துவை எடுத்துவிட்டால் கிறிஸ்தவத்தில் மிச்சம் எதுவும் இல்லை. யூதருக்கு மேசியா நம்பிக்கை மைமோனிதேஸின் பதின்மூன்று கொள்கைகளில் பன்னிரண்டாவது. 'இஸ்ரயேலுக்கு இனி மேசியா கிடையாது, எசேக்கியா ராஜா காலத்திலேயே தீர்ந்துபோனது' என்று ஹில்லேல் என்ற ஒரு ரபி சொன்னதை தல்மூது பதிவு செய்கிறது. 'அவரைக் கடவுள் மன்னிக்கட்டும்' என்று இன்னொருவர் சொன்னதோடு சரி, யாரும் அவரை வெளியே தள்ளவில்லை. 1885-இல் அமெரிக்க சீர்திருத்த யூதர்கள் பிட்ஸ்பர்க்கில் கூடி, ஆளை விட்டுவிட்டு நீதியும் சமாதானமும் நிலவும் ஒரு யுகத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள். வைதிக யூதர்கள் இன்றும் தினமும் அவருக்காக ஜெபிக்கிறார்கள். ஆனால் பழைய அறிவுரை ஒன்று அவர்களுக்கும் பொது: கையில் நாற்று இருக்கும்போது மேசியா வந்துவிட்டார் என்று யாராவது சொன்னால், முதலில் நாற்றை நடு, பிறகு போய் வரவேற்றுக்கொள்.

மைமோனிதேஸ் இயேசுவைத் தவறியவர் என்று முடித்துவிட்டு, அதே மூச்சில், அவரும் அவருக்குப் பின் வந்த இஸ்லாமும் உலகெங்கும் தோராவையும் மேசியாவையும் பேசவைத்து உண்மையான மேசியாவுக்குப் பாதை போடுகிறார்கள் என்றார். அச்சுப் பதிப்புகள் பலவற்றில் கிறிஸ்தவத் தணிக்கை இந்தப் பத்தியை வெட்டிவிட்டது. எதிரிக்கு இவ்வளவு பெரிய இடம் கொடுத்த பத்தி என்று பார்த்தால், வெட்டியவர்கள் தங்களுக்குத் தாங்களே நஷ்டம் செய்துகொண்டார்கள்.

தல்மூதில் அதே யோசுவா பென் லேவியைப் பற்றி இன்னொரு கதை. அவர் எலியா தீர்க்கதரிசியைச் சந்தித்து, மேசியா எப்போது வருவார் என்று கேட்கிறார். 'நீயே போய்க் கேள். ரோம் நகர வாசலில், நோயுற்ற ஏழைகளோடு உட்கார்ந்திருக்கிறார். மற்றவர்கள் புண்களின் எல்லாக் கட்டுகளையும் ஒரேயடியாக அவிழ்த்துக் கட்டுவார்கள். அவர் மட்டும் ஒவ்வொன்றாக, கூப்பிட்டால் உடனே கிளம்புவதற்காக.' ரபி போய்க் கேட்டார். 'இன்று' என்றார் மேசியா. பகல் முடிந்தும் யாரும் வரவில்லை. 'பொய் சொல்லிவிட்டார்' என்று எலியாவிடம் முறையிட்டபோது, அவர் 95-ஆம் சங்கீதத்தை நினைவுபடுத்தினார்: 'இன்று, அவருடைய சத்தத்தைக் கேட்பீர்களாகில்.'

புதிய ஏற்பாட்டில் எபிரெயருக்கு எழுதிய நிருபமும் மூன்றாம் அதிகாரத்தில் அதே சங்கீதத்தின் அதே வரியைத்தான் பிடித்துக்கொள்கிறது, கிறிஸ்துவை விட்டுவிடாதீர்கள் என்று சொல்ல. அங்கே வரி இன்னும் கொஞ்சம் நீளமாக மேற்கோள் காட்டப்படுகிறது. அடுத்து வருவது: 'உங்கள் இருதயங்களைக் கடினப்படுத்தாதேயுங்கள்.' டீச்சர் அந்தப் பாதியை மட்டும்தான் எங்களுக்குச் சொன்னார்.