பாட்காஸ்ட் ஆரம்பிக்க சாம்சன் க்யூ2யூ மைக்: சென்னை வீட்டுச் சத்தத்துக்கு தாங்குதா?

மொதல்லயே சொல்லிடறேன், தி.நகர், திருவல்லிக்கேணி மாதிரி ஏரியாவுல ரோட்ட ஒட்டின வீட்ல உக்காந்து பாட்காஸ்ட் பண்ணப் போறீங்கன்னா கண்டென்சர் மைக் பக்கமே போகாதீங்க. யூடியூப்ல பாதிப் பேர் முன்னாடி அதான் நிக்குது, பாத்தா ஆசையாத்தான் இருக்கும், ஆனா அவங்க ரூம் வேற நம்ம ரூம் வேற. கண்டென்சர் ரொம்ப சென்சிட்டிவ், நம்ம குரலோட சேத்து பக்கத்து வீட்டு குக்கர் விசில், பழைய பேப்பர் வண்டியோட ஸ்பீக்கர், தண்ணி லாரி ரிவர்ஸ் எடுக்கிற சத்தம்னு எல்லாத்தையும் பாசமா அள்ளிட்டு வந்துரும்.

நான் யூஸ் பண்றது சாம்சன் க்யூ2யூ. சாம்சங் இல்லைங்க, சாம்சன், சரியா சொல்லலன்னா கடைல போன் பக்கம் கை காட்டுவாங்க. இது டைனமிக் மைக், அதாவது கண்டென்சர் அளவுக்கு சென்சிட்டிவ் இல்ல, கிட்ட இருக்கிற குரலத்தான் நல்லா வாங்கும்; கச்சேரில பாடுறவங்க கைல புடிச்சிருப்பாங்களே அந்த ஷேப்தான். யூஎஸ்பி கேபிள லேப்டாப்ல சொருகினா போதும், ட்ரைவர் அது இதுன்னு எதுவும் இன்ஸ்டால் பண்ண வேணாம். மைக்கோட அடிப்பக்கத்துலயே ஹெட்போன் ஜாக் இருக்கு, நாம பேசுறது அப்படியே லேட் ஆகாம காதுல கேக்கும். புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு எனக்கு தெரிஞ்சு இதவிட பெரிய உபகாரம் எதுவும் இல்ல, ஏன்னா சவுண்டு சொதப்புறது பேசும்போதே தெரிஞ்சிரும், எபிசோட் முழுக்க முடிச்சிட்டு எடிட்டிங்ல தலைல கை வெச்சு உக்கார வேண்டியதில்ல.

இப்போ ஃபேன் மேட்டருக்கு வருவோம், சென்னைல அதானே பெரிய தலவலி. அக்னி நட்சத்திரத்துல ஃபேன ஆஃப் பண்ணிட்டு அரை மணி நேரம் பேசச் சொன்னா யாரால முடியும்? இந்த மைக் கார்டியாய்டு, அதாவது முன்னாடி வர்ற சத்தத்த நல்லா வாங்கும், நேர் பின்னாடி இருந்து வர்றத ரொம்பவே கம்மியா வாங்கும். அதனால மைக்க ஒரு பூம் ஆர்ம்ல, அதான் மேசை ஓரத்துல மாட்டி வளைக்கிற நீளக் கை மாதிரி ஸ்டாண்ட், அதுல மாட்டி மேல இருந்து வாயப் பாத்து சாய்ச்சு தொங்கவிடுங்க, மைக்கோட முதுகு சீலிங் ஃபேன் பக்கம் திரும்பிடும். ஃபேன ரெண்டுல வெச்சு இப்படித்தான் ரெக்கார்ட் பண்றேன், லேசா ஒரு இரைச்சல் இருக்கும், சுத்தமா போகாதுதான், ஆனா கேக்குறவங்க கவனிக்கிற அளவுக்கு இல்ல. மிச்சத்த ஆடாசிட்டில தட்டிடலாம், அது ஃப்ரீ சாஃப்ட்வேர். ரெக்கார்டிங் ஆரம்பிச்ச உடனே பத்து செகண்ட் பேசாம சும்மா இருங்க, அந்த அமைதியான பகுதிய செலக்ட் பண்ணி நாய்ஸ் ப்ரொஃபைல், அதாவது இரைச்சலோட சாம்பிள், எடுத்துட்டு அப்புறம் முழுசுக்கும் நாய்ஸ் ரிடக்‌ஷன் போடுங்க. ரொம்ப ஏத்திடாதீங்க, குரல் கிணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி ஆயிடும்.

டைனமிக்னாலே வாய்கிட்ட வெச்சு பேசணும், நாலு விரல் கேப் போதும். ஒரு அடி தள்ளிப் போனா குரல் சின்னதாயிடும், கெயின, அதாவது மைக் சத்தத்த வாங்குற அளவ, ஏத்துவீங்க, ஏத்தினா ரோட்டு சத்தமும் கூடவே ஏறும், அப்போ டைனமிக் வாங்கினதுக்கே அர்த்தம் இல்ல. கிட்ட வெச்சா 'ப' வர்ற எடத்துலல்லாம் டப்பு டப்புன்னு காத்து அடிக்கும், "பாப்பாவுக்கு பருப்பு பப்படம்"னு சொல்லி டெஸ்ட் பண்ணிப் பாருங்க புரியும். மேல ஒரு ஃபோம் மாட்டிட்டு மைக்க வாய்க்கு நேரா வெக்காம ஓரமா சாய்ச்சு வெச்சா சரியாயிடும்.

கூட ஒரு குட்டி டேபிள் ஸ்டாண்ட் வரும். எந்த டேபிள் ஸ்டாண்டா இருந்தாலும் மேசைல டம்ளர் வெச்சாக்கூட டொக்குன்னு ரெக்கார்ட் ஆகும், அதனால பூம் ஆர்ம் ஒண்ணு தனியா வாங்கிடுங்க. எலக்ட்ரானிக்ஸ் கடைங்க நெறஞ்ச ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரு ரவுண்டு வந்தா ஆர்ம், ஃபோம், கேபிள் எல்லாம் பேரம் பேசி வாங்கலாம், ஞாயித்துக்கிழமை மட்டும் போயிடாதீங்க, முக்காவாசி ஷட்டர் எறங்கியிருக்கும். வாங்குறதுக்கு முன்னாடி ஆர்ம்ல மைக்க மாட்டி காட்டச் சொல்லுங்க, சில லோக்கல் ஆர்ம் வெயிட் தாங்காம மெதுவா தல தொங்கிடுது.

எபிசோட் ஏத்துறதுக்கு காசு எதுவும் வேணாம். 2019ல ஸ்பாட்டிஃபை வாங்கின ஆங்கர்ங்கிற பாட்காஸ்ட் சர்வீஸ்தான் இப்போ ஸ்பாட்டிஃபை ஃபார் க்ரியேட்டர்ஸ்னு இருக்கு, ஹோஸ்டிங் ஃப்ரீ. அதுல கிடைக்கிற ஆர்எஸ்எஸ் லிங்க, அதாவது உங்க ஷோவோட ஃபீட் அட்ரஸ, ஆப்பிள் பாட்காஸ்ட்ஸ்ல குடுத்தா அங்கயும் வந்துரும். கவர் படம் மட்டும் 3000க்கு 3000 பிக்சல்ல சதுரமா பண்ணி வெச்சுக்கோங்க.

ரெண்டு பேர் பேசுற ஷோவா இருந்தா கொஞ்சம் யோசிங்க. ஒரே லேப்டாப்ல ரெண்டு யூஎஸ்பி மைக் சொருகி ஓட்டுறது பெரிய ரோதனை. இதுல எக்ஸ்எல்ஆர் அவுட்டும் (ஸ்டுடியோ மைக்ல வர்ற மூணு பின் கனெக்‌ஷன்) இருக்கறதால, அப்புறமா ரெண்டு மைக் இன்புட் இருக்கிற இன்டர்ஃபேஸ், அதாவது மைக்க லேப்டாப்போட இணைக்கிற பெட்டி, ஒண்ணு வாங்கி இதே மைக்க அதுல மாட்டிக்கலாம், தூக்கிப் போட வேண்டியதில்ல. ஆனா இன்னும் ஒரு எபிசோட் கூட பேசிப் பாக்கலன்னா இப்போதைக்கு இந்த மைக்கே வேணாம்ங்க, போனோட வயர் இயர்போன்லயே, துணி நெறஞ்ச பீரோவ தெறந்து வெச்சு அது முன்னாடி உக்காந்து ஒரு மூணு எபிசோட் பேசுங்க, எதிரொலி அடங்கிடும். நாலாவது எபிசோடுக்கு பேச விஷயம் இருந்தா மைக்க ஆர்டர் போடுங்க.