ஏரிப் படகின் அடிப்பாசி: தேங்காய் நாரா, பிரஷர் வாஷரா?

கடற்கரைக்காரர்களிடம் படகின் அடியைச் சுத்தம் செய்வது பற்றிக் கேட்டால் பேச்சு கொட்டலசில்தான், அதாவது படகின் அடியில் ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும் சிறு கடல் உயிரில்தான், தொடங்கும். சுரண்டினாலும் லேசில் பெயராது அது. கொடைக்கானல் ஏரி நன்னீர், இங்கே கொட்டலசு கிடையாது. நமக்கு வாய்த்தது பாசி. சீசன் முடிந்து இரண்டு மாதம் கட்டிக் கிடந்த பெடல் படகைக் கவிழ்த்துப் பாருங்கள். பச்சையும் பழுப்புமாக ஒரு வழவழப்பு படர்ந்திருக்கும், விரலால் இழுத்தால் பாலாடை மாதிரி சுருண்டு வரும். அது ஏறிய படகை மிதிப்பவருக்குக் கால் கடுக்கும், படகு நகராது.

பழைய முறைக்குத் தேவை தேங்காய் நார், ஒரு வாளித் தண்ணீர், இரண்டு பேர். சூட்சுமம் ஒன்றுதான்: கரையேற்றிய கையோடு, ஈரம் காயும் முன்பே தேய்த்துவிட வேண்டும். காயவிட்டால் பாசி பெயிண்ட் போல ஒட்டிக்கொள்ளும், அப்புறம் தோள்தான் நோகும். மரப் படகென்றால் மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே தேய்ப்போம். சிலர் நாரோடு மணலும் சேர்ப்பார்கள். ஃபைபர் படகில் அது கூடவே கூடாது. மணல் போடும் கீறலில்தான் அடுத்த பாசி முதலில் குடியேறும்.

தண்ணீரை அழுத்தத்தோடு பீய்ச்சும் பிரஷர் வாஷர் வந்தபோது நானும் மகிழ்ந்தேன். அரை மணி நேர வேலை பத்து நிமிடத்தில் முடிகிறது, பெடல் சக்கரத்தின் இடுக்கில் கை நுழையாத பாசியும் போய்விடுகிறது. ஆனால் ஒரு வருடம் வெளியாள் ஒருவரை வைத்துச் செய்தோம். அவர் முனையை அரைச் சாண் தூரத்தில் வைத்து, 100 பாருக்கு (பார் என்பது அழுத்தத்தின் அளவு) மேல் அழுத்தத்தில் அடித்தார். பழைய விரிசல் இருந்த இடத்தில் ஃபைபர் மேல் பூசிய ஜெல்கோட் செதில் செதிலாகப் பெயர்ந்தது. அந்த மேற்பூச்சின் கனமே சுமார் அரை மில்லிமீட்டர்தான். அது போனால் தண்ணீர் ஃபைபருக்குள் இறங்கும், நாளடைவில் கொப்புளம் கிளம்பும். மரப் படகில் இன்னும் மோசம், பலகை இணைப்பில் அடைத்த பஞ்சே பிதுங்கி வந்துவிடும்.

மூன்றாவது வழி, பாசி பிடிக்காத பெயிண்ட். இதை எங்கள் ஏரிக்கு நான் ஒப்பவே மாட்டேன். இந்த பெயிண்டுகளில் பெரும்பாலானவை செம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் கரையவிட்டுத்தான் பாசியைத் தடுக்கின்றன. முன்பு கப்பல்களுக்கு ட்ரைபியூட்டைல் டின் என்ற வெள்ளீயச் சேர்மத்தைக் கலந்து பூசினார்கள். அது சிப்பிகளையும் நத்தைகளையும் உருக்குலைத்தது தெரிந்த பிறகு, 2001-இல் சர்வதேச ஒப்பந்தம் போட்டு, 2008 முதல் தடை செய்தார்கள். விரிந்த கடலிலேயே அந்தக் கதி. 1863-இல் மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் துரை தேக்கிய இந்த ஏரி வெறும் 60 ஏக்கர். இதன் உபரி நீர்தான் வெள்ளி அருவியாக விழுந்து கீழே போகிறது.

அதனால் சீசனில் வாரம் ஒருமுறை நார்தான். பாசி இளசாக இருக்கும்போது பத்துத் தேய்ப்பில் போய்விடும். வாஷரைப் பெடல் சக்கரத்துக்கு மட்டும், அழுத்தத்தைக் குறைத்து, இரண்டு சாண் தள்ளிப் பிடிக்கிறோம். படகைத் தண்ணீரோரத்தில் வைத்துத் தேய்ப்பதில்லை. மேட்டுப் புல்வெளிக்குத் தூக்கிப் போய்விடுகிறோம், வழித்த பாசி அங்கேயே செடிகளுக்கு உரமாகிறது.