நாலறை வீடு ஆறு பேருக்குத் தாங்குமா?

சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டித் தரும் வீடுகளில் பரவலாகக் காணப்படுவது, மூன்று படுக்கையறைகளும் ஒரு கூடமும் கொண்ட நாலறை வீடுதான். இப்போது கட்டப்படும் நாலறை வீட்டின் பரப்பு சுமார் 90 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 970 சதுர அடி. பொங்கோலில் அப்படியொரு வீட்டில் பிள்ளைகள் தவழ்ந்த காலத்திலிருந்து நாங்கள் குடியிருக்கிறோம். இன்று மகள் உயர்நிலை 2, மகன் தொடக்கநிலை 5. என் தாயாரும், அவரைக் கவனித்துக்கொள்ளும் பணிப்பெண்ணும் எங்களுடன் இருக்கிறார்கள். ஆறு பேர் புழங்கும் வீடு என்ற நிலையிலிருந்தே இந்த மதிப்புரையை எழுதுகிறேன். இவ்வீட்டில் பரப்பு பற்றாக்குறையாக இருப்பதாக நான் உணரவில்லை. சாத்திக்கொள்ளக்கூடிய கதவுகள்தாம் போதவில்லை.

முதலில் பாராட்ட வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். கழகம் தரும் விளக்கக் கையேட்டில் வீட்டின் உட்பரப்பும், குளிரூட்டி வைக்கும் விளிம்பைச் சேர்த்த மொத்தப் பரப்பும் தனித்தனியாகக் குறிக்கப்பட்டிருக்கும். மாடிப்படியிலும் மின்தூக்கியிலும் நம் பங்கு என்று எதையும் அதில் கூட்டிக் காட்டுவதில்லை. சென்னையில் அடுக்ககம் வாங்கும் உறவினர்கள் ‘ஆயிரத்து இருநூறு சதுர அடி’ என்று சொல்வதையும் நம் 970 சதுர அடியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து நாம் குறைந்துவிட்டதாக எண்ண வேண்டியதில்லை. அங்கு பொதுப் பகுதிகளின் பங்கும் அந்த எண்ணுக்குள் சேர்ந்திருக்கலாம் என்பதால், இந்தியாவின் 2016ஆம் ஆண்டு வீட்டு மனை ஒழுங்குமுறைச் சட்டம் வரையறுக்கும் ‘கார்ப்பெட் ஏரியா’ (வீட்டுக்குள் புழங்கக்கூடிய பரப்பு) எவ்வளவு என்று கேட்டறிந்த பிறகே இரண்டையும் ஒப்பிட வேண்டும்.

கூடமும் சாப்பாட்டு மேசைக்கான இடமும் ஒன்றாக இணைந்திருப்பதால் தீபாவளிக்கு உறவினர்கள் வந்தால் தரையில் பாய் விரித்துப் பந்தி வைக்க முடிகிறது. சமையலறையை ஒட்டிய சலவைப் பகுதியில் துணி துவைக்கும் இயந்திரமும் உலர்த்தும் கழிகளும் அடங்கிவிடுகின்றன. கிரைண்டருக்குக்கூட அங்கே ஒரு மூலை கிடைத்தது.

பிள்ளைகள் வளர வளரத்தான் தொல்லை தொடங்குகிறது. பெரிய படுக்கையறையைத் தவிர்த்த மற்ற இரு அறைகளும் ஏறக்குறைய மூன்று மீட்டர் நீள அகலம் கொண்டவை. ஈரடுக்குக் கட்டிலும் ஓர் அலமாரியும் போட்ட பின் ஒரே ஒரு படிப்பு மேசைக்குத்தான் இடம் மிஞ்சுகிறது. பத்து வயதுக்குள் இருந்த பிள்ளைகளுக்கு அது விளையாட்டுக் கூடாரம்போல இருந்தது. பதின்ம வயது மகளும் அடுத்த ஆண்டு பிஎஸ்எல்இ எனும் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு எழுதப்போகும் மகனும் அதே அறையில் எத்தனை காலம் இருக்க முடியும்? தாயார் வந்த பிறகு மூன்றாவது அறை அவருக்கானது. பணிப்பெண்ணுக்குத் தனி அறை தர இயலாவிட்டால், போதிய இடமும் தனிமையும் அமைத்துத் தர வேண்டும் என்பதும், வயதுவந்த ஆணுடனோ பதின்ம வயதுப் பையனுடனோ அவர் அறையைப் பகிரக்கூடாது என்பதும் மனிதவள அமைச்சின் விதி. ஆகவே அவரும் தாயாரும் ஓர் அறையில், மகள் ஓர் அறையில், மகன் இரவுதோறும் கூடத்தில் மெத்தை விரித்து என்று எங்கள் வீடு பிரிந்திருக்கிறது. இரவு ஒன்பது மணிக்குமேல் கூடம் படுக்கையறையாகிவிடுவதால் மற்ற ஐவருக்கும் கூடம் என்று ஒன்று இல்லாமல் போகிறது. இதை எந்தச் சதுர மீட்டர் கணக்கும் காட்டாது. குளியலறைகள் இரண்டு, பள்ளி நாள் காலைகளில் வரிசை எப்படி நகர்கிறது என்பதை விவரிக்கத் தேவையில்லை.

போர் போன்ற அவசர நிலையில் ஒதுங்குவதற்கான பாதுகாப்பறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1990களின் பிற்பகுதிக்குப் பின் கட்டப்பட்ட வீடுகளில், தடித்த கான்கிரீட் சுவர்களும் இரும்புக் கதவும் கொண்ட இந்தச் சிற்றறை இருக்கும். சுவரை இடிக்கக் கூடாது. துளையிடவும் கட்டுப்பாடு உண்டு. அரிசி மூட்டை, பயணப் பெட்டிகள், பழைய பாடப்புத்தகங்கள் ஆகியவற்றை அது விழுங்கிக்கொள்கிறது. சிலர் சாமி படங்களை அங்கு வைக்கிறார்கள். காற்றோட்டம் குறைந்த இடத்தில் விளக்கேற்றுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

‘பெரிய வீட்டுக்கு மாறிவிடுங்கள்’ என்று நண்பர்கள் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் ஐந்தறை வீட்டின் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். பரப்பு சுமார் 110 சதுர மீட்டர். படுக்கையறைகள் அதே மூன்றுதான். கூடுதலாகக் கிடைக்கும் 20 சதுர மீட்டர் பெரும்பாலும் கூடத்துக்கும் சாப்பாட்டு இடத்துக்கும் போய்ச் சேர்கிறது. எங்களைப் போன்ற குடும்பத்துக்குத் தேவையான நான்காவது கதவு அதில் இல்லை. கூடத்தில் தடுப்புப் பலகை வைத்து ஓர் அறையை உருவாக்கலாம் என்றால், சன்னல் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைப் பொறுத்து ஒன்று அறைக்கு வெளிச்சம் கிடைக்காது, அல்லது கூடத்துக்குக் கிடைக்காது. எங்கள் வீட்டைப் பார்க்க வந்த புதுப்பிப்புக் குத்தகையாளர் ஒருவர் இந்தக் கேள்வியை எழுப்பவே இல்லை. விலைப்புள்ளியை மட்டும் அனுப்பிவைத்தார்.

இதற்கு மாறாக, 2013இல் அறிமுகமான மூன்று தலைமுறை வீடு சுமார் 115 சதுர மீட்டர்தான். ஐந்தறை வீட்டைவிட ஐந்தே சதுர மீட்டர் கூடுதல். அதற்குள் நான்கு படுக்கையறைகள், அவற்றில் இரண்டுக்கு இணைந்த குளியலறை, பொதுவான குளியலறை ஒன்று என்று அமைத்திருக்கிறார்கள். முதியவர் நள்ளிரவில் எழுந்தால் கூடத்தைக் கடக்க வேண்டியதில்லை. என் கணிப்பில் கழகத்தின் வரைபடங்களுள் மிகவும் சிந்தித்துச் செய்யப்பட்டது இதுவே. ஆனால் பெற்றோருடன் சேர்ந்து விண்ணப்பிக்கும் பல தலைமுறைக் குடும்பத்துக்கு மட்டுமே இது கிடைக்கும்; பின்னாளில் விற்பதானாலும் அத்தகைய குடும்பத்துக்கே விற்க முடியும். கட்டப்படும் எண்ணிக்கையும் குறைவு. தேவை வெளிப்படையாகத் தெரியும் ஒன்றை ஏன் இவ்வளவு கஞ்சத்தனமாகக் கட்டுகிறார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை. 1980இல் ஏறத்தாழ ஐந்து பேராக இருந்த சராசரிக் குடும்பம் 2020இல் மூன்று பேரைச் சற்றே தாண்டிய அளவுக்குச் சுருங்கியது உண்மைதான். சராசரிக்கு நாலறை வீடு தாராளம். சராசரியில் சேராத வீடுகளில்தான் பாட்டிமார்கள் இருக்கிறார்கள்.

மறுவிற்பனைச் சந்தையில் பழைய நாலறை வீடுகள் 100 சதுர மீட்டரைத் தாண்டியும் கிடைக்கின்றன; இரண்டு தளங்கள் கொண்ட மேசனெட் வீடுகள் அவற்றைவிட விசாலமானவை. ஆயினும் கழக வீடுகளுக்கான 99 ஆண்டுக் குத்தகையில் எவ்வளவு கழிந்துவிட்டது என்பதைப் பார்க்காமல் பரப்பை மட்டும் பார்த்து மயங்கக்கூடாது. வாங்குவோரில் இளையவருக்கு 95 வயதாகும்வரை குத்தகை நீடிக்காவிட்டால், சம்பளத்திலிருந்து சேரும் மத்திய சேமநிதியிலிருந்து வீட்டுக்காக எடுக்கக்கூடிய தொகை குறையும். பெற்றோருடன் ஒரே வீட்டில் வசிக்க மறுவிற்பனை வீடு வாங்கும் குடும்பத்துக்கு 30,000 வெள்ளியும் (சிங்கப்பூர் டாலர்), நான்கு கிலோமீட்டருக்குள் வசிக்க வாங்குவோருக்கு 20,000 வெள்ளியும் மானியமாகக் கிடைக்கின்றன. தாயார் தாமாக நடமாடும் நிலையில் இருந்தால் இரண்டாவது வழியே இரு தரப்புக்கும் மரியாதையானது என்பேன். பக்கத்துப் புளோக்கில் ஈரறை வீடு இருந்தால் சாம்பார் சூடாகவே போய்ச் சேரும்.

2024 அக்டோபரில் காலாங் வாம்போவில் விற்பனைக்கு வந்த கிராஃபர்ட் ஹைட்ஸ் திட்டத்தில், உள்ளே அறைத் தடுப்புச் சுவர்களே இல்லாத வீடுகளைச் சோதனை முயற்சியாக வழங்கினார்கள். குழந்தைகள் சிறியவர்களாக இருக்கும்போது திறந்த கூடமாகவும் வளர்ந்த பின் அறைகளாகவும் பிரித்துக்கொள்ளலாம் என்பது நல்ல எண்ணம்.

தம்பதியருக்கும் தொடக்கப்பள்ளி வயதுப் பிள்ளைகள் இருவருக்கும் நாலறை வீட்டைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். ஆணும் பெண்ணுமாகப் பதின்ம வயதுப் பிள்ளைகளும் பெற்றோரில் ஒருவரும் ஒரே கூரையின்கீழ் இருக்கப் போகிறார்கள் என்றால், வீடு பார்க்கப் போகும்போது பரப்பைக் கேட்பதற்கு முன் இரவு பத்து மணிக்கு யார் எந்த அறையில் படுப்பார்கள் என்று வரைபடத்தின்மீது பெயர்களை எழுதிப் பாருங்கள். ஒரு பெயராவது கூடத்தில் விழுந்தால் அடுத்த வீட்டைப் பார்க்கச் செல்லலாம்.