வேதாளமா, பூச்சாண்டியா?

பிள்ளைகளுக்கான கதையிலும் படத்திலும் பயம் இருக்கலாமா என்று கேட்டால், இருக்கலாம் என்றுதான் சொல்வேன். ஆனால் எல்லாப் பயத்தையும் ஒரே தராசில் நிறுக்க எனக்கு மனம் வரவில்லை. பினாங்கில் எங்கள் வீட்டிலேயே மூன்று விதமான பயம் புழங்கியது: பாட்டி சொல்லும் வேதாளக் கதை, திரையரங்கில் பார்த்த படம், சோறு உண்ண மறுத்தால் வருகிற பூச்சாண்டி.

விக்கிரமாதித்தன் மரத்தில் தொங்கும் பிணத்தை இறக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிறான். உள்ளே இருக்கும் வேதாளம் கதை சொல்லிப் புதிர் போடுகிறது. அவன் வாய் திறந்தால் அது மறுபடியும் மரம் ஏறிவிடும். இந்த இடம் வந்ததும் என் ஐந்து வயது மகள் பாத்தேக் சாரோங்கை இழுத்துத் தலையோடு மூடிக்கொள்வாள். ஒரு கண் மட்டும் தெரியும்படி துணியை விரலால் விலக்கி வைத்திருப்பாள். பாட்டி அந்தக் கண்ணைப் பார்த்துத்தான் கதையை நடத்துவார். கண் விரிந்தால் குரலைத் தாழ்த்துவார். கண் மறைந்துபோனால், “சரி, ராஜா கொஞ்சம் தண்ணீர் குடிக்கட்டும்” என்று நிறுத்திவிடுவார். சிறிது நேரத்தில் துணிக்குள்ளிருந்து குரல் வரும்: “குடித்துவிட்டாரா பாட்டி?”

திரையரங்கில் அந்தக் கண்ணைப் பார்க்க ஆளில்லை. சென்ற பள்ளி விடுமுறையில், எல்லா வயதினருக்கும் உரியது என்ற சான்றிதழை நம்பி ஒரு கார்ட்டூன் படத்துக்குப் போனோம். இருட்டில் திடீரென்று ஒரு வாய் திரை முழுக்கத் திறந்தது. ஓசை நெஞ்சில் இடித்தது. மகள் அழவில்லை. என் சுட்டுவிரலைப் பிடித்தபடி விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தாள். அதன்பின் பத்து நாட்கள், அவள் குளியலறைக்குப் போனால் யாராவது வாசலில் நிற்க வேண்டியிருந்தது. வயதுப் பிரிவுகள் தேவைதான். அமெரிக்காவில் 1984இல், பதின்மூன்று வயதுக்குட்பட்டோர் விஷயத்தில் பெற்றோரை எச்சரிக்கும் பிஜி-13 பிரிவு வந்ததே, குழந்தைகளோடு பார்க்கலாம் என்று விடப்பட்ட படங்கள் மிரட்டியதாகப் பெற்றோர் கொதித்ததால்தான். ஆனாலும் சான்றிதழுக்கு என் மகளைத் தெரியாது. அதே படத்தை வீட்டில் பார்த்திருந்தால் நிறுத்தியிருக்கலாம், விளக்கைப் போட்டிருக்கலாம்.

அப்படியானால் பயத்தையே துடைத்துவிட்ட கதைகள்? படுக்கும் நேரத்துக்கு நல்லவை. ஆனால் சாரோங்குக்குள்ளிருந்து மறுபடியும் எட்டிப் பார்க்கும் துணிச்சலை அவை கேட்பதில்லை, தருவதும் இல்லை.

ஜெர்மனியில் நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்கள் செய்த ஒரு திருத்தத்தை இங்கே சொல்ல வேண்டும். அவர்களுடைய 1812ஆம் ஆண்டுப் பதிப்பில் ஸ்னோ ஒயிட்டைக் கொல்லத் துடிப்பவள் பெற்ற தாய். 1819இல் அவளை மாற்றாந்தாய் ஆக்கிவிட்டார்கள். பழுக்கக் காய்ச்சிய இரும்புக் காலணியில் அவள் ஆடியே சாகும் முடிவையோ அப்படியே விட்டுவைத்தார்கள். அந்த முடிவு எனக்கே குலை நடுங்க வைக்கிறது. ஆனாலும் அவர்கள் கை வைத்த இடம் சரியான இடம். ஓடி ஒளிய ஒரு மடி இருக்கும்வரை குழந்தை எவ்வளவோ தாங்கும். அந்த மடியே பகையானால் எங்கே ஓடும்?

பூச்சாண்டியை நான் அறவே வெறுப்பது இதனால்தான். “சாப்பிடாவிட்டால் பூச்சாண்டியிடம் பிடித்துக் கொடுத்துவிடுவேன்” என்று சொல்பவர் யார்? அம்மா. நானும் சொல்லியிருக்கிறேன். அன்று அவள் பூச்சாண்டி வரும் வாசலைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தாள். ஒரு வாய் சோற்றுக்காகச் செய்யக்கூடாததைச் செய்துவிட்டேன்.

இந்த ஊரில் பயங்கர முகங்களுக்குப் பஞ்சமில்லை. தோட்டத்து முனீஸ்வரர் உருட்டிய விழியோடு அரிவாள் ஏந்தி நிற்கிறார். அவர் நமக்குக் காவல். ஆவிகள் உலவுவதாகச் சீனர்கள் நம்பும் அவர்களின் ஏழாம் மாதத்தில், புக்கிட் மெர்தாஜாமில் ‘தாய் சூ யா’ என்ற அவர்களின் தெய்வம் காகிதத்தால் ஆன பேருருவாக நிற்கிறார். கருணைத் தெய்வம் குவான் யின் எடுத்த வடிவம் அது என்பது அவர்களின் நம்பிக்கை. மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினேன். என் கழுத்தை இறுகக் கட்டிக்கொண்டு, நெடுநேரம் கண்ணெடுக்காமல் பார்த்தாள்.

திரையரங்குக்கு இன்னும் இரண்டு வருடம் போகட்டும் என்றிருக்கிறேன். பூச்சாண்டியின் பெயரை வீட்டில் யாரும் எடுப்பதில்லை. வேதாளம் மட்டும் வாரத்தில் இரண்டு இரவுகள் வருகிறது.